வெலிங்டன்: திருமலையில் தங்கிய தளபதி எப்போது விட்டுக்கொடுத்தார்?

கோணேசர் கோவிலுக்குப் போகும் எவரும் பிரெட்ரிக் கோட்டை வாசலால்தான் போயாக வேண்டும். 1620களில் போர்த்துக்கேயர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களையும் சேர்த்து எழுப்பிய கோட்டை இது. அவர்களுக்குப் பின் ஒல்லாந்தர் வந்தனர். இடையில் சில காலம் பிரெஞ்சுக்காரரும் இருந்தனர். 1795 ஓகஸ்டில் ஆங்கிலேயர் பிடித்தனர். இன்று இலங்கை இராணுவம் இருக்கிறது. வாசலைத் தாண்டி, மான்கள் படுத்திருக்கும் மரநிழலால் மேலே ஏறும்போது ஒரு பழைய வீட்டைக் காட்டுவார்கள். வெலிங்டன் கோமகன் தங்கிய வீடு என்பார்கள். வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்து, பிறகு பிரித்தானியாவின் பிரதமராகவும் இருந்த அதே வெலிங்டன்தான்.

சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லும் கதை ஒன்றும் உண்டு. அவர் நோயுற்று இந்த வீட்டில் படுத்திருந்ததால் புறப்பட வேண்டிய கப்பலைத் தவறவிட்டார், அந்தக் கப்பல் எல்லோருடனும் மூழ்கிவிட்டது, ஆகவே நெப்போலியனின் தலைவிதியைத் திருகோணமலைதான் தீர்மானித்தது என்பது அந்தக் கதை. கப்பல் மூழ்கியது உண்மை, நோய் வந்ததும் உண்மை. ஆனால் இரண்டும் நடந்தது இங்கே அல்ல. அவர் நோயில் விழுந்தது பம்பாயில். இங்கே அவருக்கு நடந்தது வேறொன்று. அது நோயை விட அவரை அதிகம் நோகடித்தது.

இந்த மனிதரின் வாழ்க்கையை இன்று திரும்பிப் பார்க்க ஒரு காரணம் இருக்கிறது. போரை வென்ற தளபதி அரசியலுக்கு வந்தால், தோற்ற மக்களின் உரிமை பற்றி அவர் எப்படி யோசிப்பார் என்ற கேள்வி எமக்குப் புதிதல்ல. 2010 ஜனாதிபதித் தேர்தலில் திருகோணமலை மாவட்டம் அதிக வாக்குகளை அளித்தது ஒரு முன்னாள் இராணுவத் தளபதிக்கே. வேறு வழியில்லாமல் போட்ட வாக்கு அது என்பது போட்டவர்களுக்குத் தெரியும். வெலிங்டனின் வாழ்க்கையில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. அது ஆறுதலான பதில் அல்ல, ஆனால் தெளிவானது.

ஆதர் வெல்லஸ்லி 1769இல் அயர்லாந்தில் பிறந்தார். ஐரிஷ்காரர் என்று சொன்னாலும், அந்த நாட்டில் பெரும்பான்மையான கத்தோலிக்கர்களை ஆண்ட சிறுபான்மைப் புரட்டஸ்தாந்து நிலப்பிரபுக்களின் வீட்டுப் பிள்ளை. தந்தை மோர்னிங்டன் பிரபு நேரத்துடனே இறந்துவிட்டார். குடும்பத்தில் கடன். மூத்த அண்ணன் றிச்சட் கெட்டிக்காரர். ஆதரோ ஈட்டன் பள்ளியில் பெயர் சொல்லும்படி எதையும் செய்யாத பையன். படிப்பில் தேறாத பிள்ளையைப் படைக்கு அனுப்புவது அக்காலப் பிரபு வீடுகளின் வழக்கம். 1787இல் அவருக்குப் படையில் ஒரு பதவி கிடைத்தது. அன்றைய ஆங்கிலப் படையில் அதிகாரிப் பதவிகள் விலைக்கு விற்கப்பட்டன. அண்ணனிடம் கடன் வாங்கிப் படிப்படியாக ஏறி, 1793இல் 33ஆவது படைப்பிரிவின் லெப்டினன்ட் கேணலானார். அப்போது வயது 24. இடையே 1790இல் டப்ளின் நாடாளுமன்றத்தில் குடும்பத்துக்குச் சொந்தமான ஆசனம் ஒன்றிலும் அமர்ந்துவிட்டார். ஆக, படைக்குப் பிறகு அரசியலுக்கு வந்தவர் என்று அவரைச் சொல்வது முழுச் சரியல்ல. இரண்டும் ஒன்றாகவே தொடங்கின.

1794இல் முதற்போர். பிளாண்டர்ஸ் மண்ணில் பிரெஞ்சுப் புரட்சிப் படைகளுக்கு எதிராக ஆங்கிலப் படை இறக்கப்பட்டது. தலைமை தாங்கியவர் மன்னரின் இரண்டாவது மகன், யோர்க் கோமகன் பிரெட்ரிக். அந்தப் படையெடுப்பு படுதோல்வி. குளிர்காலப் பின்வாங்கலில் உணவில்லை, உடையில்லை, மருத்துவம் இல்லை. சண்டையில் செத்தவர்களை விடக் குளிரிலும் பசியிலும் செத்தவர்கள் பலர். ஒரு படையை எப்படி நடத்தக் கூடாது என்பதை இளம் வெல்லஸ்லி அங்கே படித்தார். எமது கோட்டைக்கு 1803இல் பெயர் வைத்தது அந்தப் பிரெட்ரிக்கின் நினைவாகத்தான். தோற்ற தளபதிக்குக் கோட்டையும், வென்ற தளபதிக்கு அதற்குள் ஒரு வீடும்!

1797இல் வெல்லஸ்லி கல்கத்தாவில் வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு அண்ணன் றிச்சட்டே இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்து சேர்ந்தார். தம்பியின் அதிர்ஷ்டம் அங்கே திறந்தது. 1799இல் திப்பு சுல்தானுக்கு எதிரான போர். சிறீரங்கப்பட்டணத்துக்கு வெளியே ஒரு தோப்பில் வெல்லஸ்லி நடத்திய இரவுத் தாக்குதல் குழம்பிப்போய்த் தோற்றது. இருட்டில் தெரியாத நிலத்தில் படையை இறக்குவதில்லை என்று அன்று முடிவெடுத்தவர் அதைப் பெரும்பாலும் மீறவில்லை. மே 4ஆம் திகதி கோட்டை விழுந்தது, திப்பு இறந்தார். கோட்டைச் சுவரில் முதலில் ஏறிய படையை நடத்தியவர் டேவிட் பெயர்ட். 1780இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் பிடிபட்டு, மைசூர்ச் சிறையில் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் கிடந்தவர் அவர். ஆனால் நகரை ஆளும் பொறுப்பு போனது கவர்னர் ஜெனரலின் தம்பிக்கு. பெயர்ட் அதை மறக்கவில்லை.

விழுந்த அன்றிரவு நகரம் சூறையாடப்பட்டது. வெல்லஸ்லி பொறுப்பேற்றதும் கொள்ளையடித்த சிப்பாய்கள் சிலரைத் தூக்கிலிட்டார், பலரைக் கசையால் அடிப்பித்தார். கொள்ளை நின்றது. கடைகள் திறந்தன. இதை இரக்கம் என்று எழுதியவர்கள் உண்டு. அவருடைய கடிதங்களைப் படித்தால் வேறு கணக்குத் தெரியும். கடை திறக்காவிட்டால் படைக்கு அரிசி இல்லை. கொள்ளை தொடர்ந்தால் சிப்பாய் கட்டுப்பாட்டில் இல்லை. மக்கள் ஓடிப்போனால் வரி இல்லை. அதே மனிதர்தான் அடுத்த ஆண்டுகளில் வயநாட்டுக் காடுகளில் பழசிராஜாவுக்கு எதிரான நடவடிக்கைகளைத் திட்டமிட்டார். காட்டை வெட்டி வீதி போடுவது, வீதி நெடுக முகாம் அமைப்பது, எதிரிக்கு நெல் போகும் வழியை அடைப்பது, பிடிபடுபவர்களைத் தூக்கிலிடுவது. 20ஆம் நூற்றாண்டில் இதற்குப் பெரிய பெயர்கள் எல்லாம் சூட்டினார்கள். வீதியும் முகாமும் ஒன்றாக வந்தால் என்ன அர்த்தம் என்பது வடக்குக் கிழக்கில் யாருக்கும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

1800 செப்ரெம்பரில் தூந்தியா வாக் என்ற கலகத் தலைவரை நூற்றுக்கணக்கான மைல்கள் துரத்திக் கொன்றார். அந்தக் களத்தில் அகப்பட்ட தூந்தியாவின் சிறு மகனைத் தானே பொறுப்பெடுத்து வளர்க்கப் பணமும் கொடுத்தார். அது முடிந்த கையோடு வந்ததுதான் திருகோணமலைக்கான கட்டளை.

1800 டிசம்பர் கடைசியில் அவர் இங்கே வந்தார். உள்துறைமுகத்தில் கப்பல்கள் கூடிக்கொண்டிருந்தன. இலக்கு பிரெஞ்சுக்காரரின் மொரிசியஸ் தீவு. எங்கே போகிறோம் என்பதே பின்னர் மாறிக்கொண்டிருந்தது. கடற்படைத் தளபதி ரெய்னியர் லண்டனின் கட்டளை இல்லாமல் மொரிசியஸுக்கு வர மறுத்தார். பிறகு ஒல்லாந்தரின் பத்தாவியா என்றார்கள். கடைசியில் எகிப்து. நெப்போலியன் விட்டுப்போன பிரெஞ்சுப் படையைச் செங்கடல் பக்கத்தால் போய்த் தாக்க வேண்டும்.

எகிப்து பற்றிய செய்தி கிடைத்ததும் வெல்லஸ்லி கல்கத்தாவின் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. செங்கடலுக்குப் போவதென்றால் பம்பாய் வழியில் இருக்கிறது, படைக்கு வேண்டிய உணவுப் பொருட்களும் அங்கே கிடைக்கும். இங்கே காத்திருந்தால் காற்றுப் பருவமும் போய்விடும், கையிருப்பும் தீர்ந்துவிடும். 1801 பெப்ரவரியில் தன் பொறுப்பிலேயே படையை ஏற்றிக்கொண்டு பாய் விரித்தார். கணக்குப்படி சரியான முடிவு. ஆனால் அதற்கிடையில் அண்ணன் தலைமையை மாற்றிவிட்டார். முழுப் படைக்கும் தலைவராக நியமிக்கப்பட்டவர் வேறு யாருமல்ல, டேவிட் பெயர்ட். தம்பிக்கு இரண்டாமிடம். சிறீரங்கப்பட்டணத்துக் கணக்கு இப்படித் தீர்ந்தது. அவமானத்தில் வெல்லஸ்லி எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. சொந்த அண்ணனையே முகவரியில் வெறும் பதவிப் பெயரால் அழைக்கும் அளவுக்குக் கோபம். பம்பாயில் காய்ச்சல் வந்தது, பின் கடுமையான சொறி. அவரை ஏற்றிச் செல்லவிருந்த சுசானா என்ற கப்பல் அவரில்லாமல் புறப்பட்டுச் செங்கடலில் அழிந்தது.

அவர் திருகோணமலையில் கப்பல்களை எண்ணிக்கொண்டிருந்த அதே பெப்ரவரியில்தான் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பினார். அவரது அண்ணன் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டு அப்போது ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. அந்த ஆண்டு ஒக்டோபரில் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டனர். இவை எல்லாம் றிச்சட் வெல்லஸ்லியின் ஆட்சியில் நடந்தவை. பாளையக்காரர் போரில் ஆதருக்கு நேரடிப் பங்கில்லை. ஆனாலும் பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே குடும்பத்தின் கை இருந்தது.

1803இல் மராட்டியருக்கு எதிரான போர். செப்ரெம்பர் 23ஆம் திகதி அசாயே என்ற கிராமத்துக்கு அருகே, எதிர்பாராத விதமாக முழு மராட்டியப் படையும் ஆற்றின் அக்கரையில் நிற்பதைக் கண்டார். தன்னிடம் சுமார் 7,000 பேர். எதிரில் பல மடங்கு. ஆற்றைக் கடக்க இடமில்லை என்றார்கள் வழிகாட்டிகள். அவர் தூரத்தில் பார்த்தது, ஆற்றின் இரு கரையிலும் நேருக்கு நேராக இரண்டு கிராமங்கள். எதிரெதிரே ஊர் இருந்தால் இடையில் நடந்து கடக்கும் துறை இருந்தே ஆக வேண்டும் என்று ஊகித்தார். இருந்தது. மாலைக்குள் வென்றார், ஆனால் 1,500க்கும் அதிகமானோர் செத்தும் காயப்பட்டும் போயினர். அவர்களில் பெருந்தொகையினர் சென்னை மாகாணச் சிப்பாய்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். அசாயேயின் யானைச் சின்னத்தை இந்திய இராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட் இன்றும் அணிகிறது. அதன் பயிற்சி மையம் இருப்பது நீலகிரியில் வெலிங்டன் என்ற ஊரில். செத்த சிப்பாய்களின் பெயரில் ஊர் இல்லை.

1805இல் அவர் இந்தியாவை விட்டுப் போனார். போகும் வழியில் செயின்ட் ஹெலனா தீவில் தங்கினார். பத்து வருடம் கழித்து நெப்போலியனைச் சிறைவைக்க அனுப்பிய அதே தீவு.

இந்தியாவில் படித்தவை ஐரோப்பாவில் உதவின. மைசூரின் நல்ல இழுவை மாடுகளை எண்ணி எண்ணிக் காப்பாற்றியவர், ஸ்பெயினில் கோவேறு கழுதைகளை எண்ணினார். எடுக்கும் தானியத்துக்குப் பணம் கொடுப்பது, சிப்பாயைக் கொள்ளையடிக்க விடாதது, ஊர்மக்கள் எதிரியாகாமல் பார்த்துக்கொள்வது. பிரித்தானியாவிடம் களத்தில் இருந்தது ஒரேயொரு படைதான், அதை இழந்தால் மாற்றுப் படை இல்லை. ஆகவே வெல்லும் நிச்சயம் வரும்வரை பின்வாங்கவும் தயங்கமாட்டார். சண்டையில் சிப்பாய்களை மேட்டின் மறுபக்கச் சரிவில் படுக்க வைத்து எதிரியின் பீரங்கிக்கு மறைப்பார். இவற்றை இராணுவக் கல்லூரிகளில் புகழ்ந்து படிப்பிக்கிறார்கள்.

போர்த்துக்கலில் 1810இல் நடந்ததையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். மாசெனாவின் பெரிய பிரெஞ்சுப் படை வரும் என்று தெரிந்து, லிஸ்பனுக்கு வடக்கே டோரஸ் வேட்ராஸ் மலைகளில் ஒரு வருடமாக இரகசியமாக அரண்கள் கட்டினார். அத்துடன், எதிரி வரும் வழியெல்லாம் உணவு எதுவும் இருக்கக் கூடாது என்று கட்டளை. மக்கள் வீடுகளை விட்டு எழும்ப வேண்டும். எடுத்துச் செல்ல முடியாத தானியத்தை எரிக்க வேண்டும். மாவரைக்கும் ஆலைகளை உடைக்க வேண்டும். போர்த்துக்கல் அரசும் சேர்ந்துதான் இதைச் செய்தது. எதிரி அரணுக்கு முன்னால் வந்து நின்றான், பசித்தான், 1811 வசந்தத்தில் திரும்பினான். திட்டம் வென்றது. அரணுக்குள் ஓடிவந்த விவசாயிகளும், ஓட முடியாமல் ஊரிலேயே தங்கியவர்களும் அந்தக் குளிர்காலத்தில் பசியாலும் நோயாலும் பல்லாயிரக்கணக்கில் இறந்தனர். வன்னியில் 2008இலும் 2009இலும் வீட்டுக் கூரையைக் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு இடம் மாறி இடம் மாறிப் போனவர்களுக்கு, வரைபடத்தில் ஒரு கோடு நகரும்போது கீழே என்ன நடக்கிறது என்று தெரியும். வெலிங்டனின் வெற்றிகளைப் பற்றிய புத்தகங்களில் இந்தச் சாவுகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பந்திதான்.

1812 ஏப்ரலில் படஹோஸ். ஸ்பெயின் நகரம், அதாவது நட்பு நாட்டு மக்கள் வாழ்ந்த நகரம், பிரெஞ்சுக்காரரின் பிடியில் இருந்தது. மதில் உடைப்புகளில் ஆங்கிலப் படை பயங்கர இழப்புடன் ஏறியது. உள்ளே போனபின் சுமார் மூன்று நாட்கள் அந்த மக்கள் மீதே கொலை, கொள்ளை, பாலியல் வன்முறை. தளபதி தன் சிப்பாய்களின் பிணக்குவியலைப் பார்த்து அழுதார். நகரச் சதுக்கத்தில் தூக்குமரம் நாட்டினார். அதற்குள் மூன்று நாட்கள் போய்விட்டன. அடுத்த ஆண்டு ஓகஸ்ட் 31ஆம் திகதி சான் செபஸ்தியானிலும் அதுவே நடந்தது. நகரம் எரிந்து ஒரு தெருவில் சில வீடுகளே மிஞ்சின. தன் படை வேண்டுமென்றே எரித்தது என்ற ஸ்பானியரின் குற்றச்சாட்டை அவர் கோபத்துடன் மறுத்தார். மிஞ்சிய தெருவுக்கு ஓகஸ்ட் 31 தெரு என்று பெயர். இன்றும் அந்த ஊர் ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளில் விளக்கேற்றி நினைவுகூர்கிறது. சிறீரங்கப்பட்டணத்தில் சில மணி நேரத்தில் கொள்ளையை நிறுத்த முடிந்தவருக்கு இங்கே ஏன் முடியவில்லை? முடியவில்லையா, அல்லது மதிலேறிச் செத்த படைக்கு அது கூலி என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததா? இரண்டாவது காரணமே எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. முற்றுகையில் பிடித்த நகரம் படைக்கு உரியது என்பது அந்தக் காலத்தின் எழுதாத வழக்கம்.

ஆனால் சில மாதங்கள் கழித்து பிரான்ஸுக்குள் நுழையும்போது அதே தளபதி, ஸ்பானியப் படைகளில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பினார். தங்கள் நாட்டில் பிரெஞ்சுக்காரர் செய்த கொடுமைகளுக்கு அவர்கள் பழிவாங்குவார்கள், அதனால் பிரெஞ்சு விவசாயிகள் துப்பாக்கி தூக்குவார்கள் என்று அஞ்சினார். ஸ்பெயினில் கெரில்லாக்கள் நெப்போலியனின் பெரும்படையை எப்படி அரித்தார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். படையைக் குறைத்துக்கொண்டு உள்ளே போனார், உணவுக்குப் பணம் கொடுத்தார். பிரெஞ்சு விவசாயிகள் முகாமுக்குச் சந்தைப் பொருள் கொண்டுவந்தனர்.

1815 ஜூன் 18 வாட்டர்லூ பற்றி இங்கே விரிக்கத் தேவையில்லை. மாலையில் புளூகரின் பிரஷ்யப் படை வந்து சேர்ந்திராவிட்டால் முடிவு வேறாகியிருக்கும் என்பதோடு விடலாம். அதற்குப் பிறகு வந்த மூன்று ஆண்டுகள்தான் எமக்கு முக்கியம். பாரிஸில் ஜேனா பாலத்தை வெடிவைத்துத் தகர்க்கப் பிரஷ்யர் முயன்றபோது தடுத்தார். பிரான்ஸைத் துண்டுபோட வேண்டும் என்றவர்களை எதிர்த்தார். நேச நாடுகளின் 1,50,000 படையினர் ஐந்து ஆண்டுகள் வரை பிரான்ஸில் தங்கலாம் என்று ஒப்பந்தம் சொன்னது. படைக்குத் தலைவர் வெலிங்டன். ஆரம்பத்தில் ஆட்குறைப்புக்குச் சம்மதிக்காதவர், 1817இல் 30,000 பேரைக் குறைக்க இணங்கினார். 1818இல் முழுவதும் வெளியேறலாம் என்று பரிந்துரைத்தார். இரண்டு வருடம் மிச்சம் இருந்தது. அதே 1818இல் பாரிஸ் தெருவில் அவரைச் சுடவும் முயன்றிருந்தார்கள். அப்படியிருந்தும் இந்தப் பரிந்துரை. அந்நியப் படை நெடுங்காலம் நின்றால், அது காக்க வந்த ஆட்சியையே மக்கள் வெறுப்பார்கள் என்பது அவர் கணக்கு. இங்கே போர் முடிந்து எத்தனை ஆண்டுகள், எத்தனை முகாம்கள் என்று வாசகர் தாமே எண்ணிக்கொள்ளலாம்.

இந்தக் கணக்குப் பார்க்கும் மனம் அரசியலில் என்ன செய்தது என்பதை அயர்லாந்து காட்டியது.

1828 ஜனவரியில் வெலிங்டன் பிரதமரானார். அயர்லாந்தில் பெரும்பான்மையினரான கத்தோலிக்கர் வாக்களிக்கலாம், ஆனால் நாடாளுமன்றத்தில் அமர முடியாது. அமர வேண்டுமென்றால் தங்கள் மதத்தையே மறுக்கும் சத்தியம் செய்ய வேண்டும். இந்தச் சத்தியத்தைப் பற்றிப் படிக்கும்போது 1983இன் ஆறாவது திருத்தச் சட்டம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. டானியல் ஓகொனல் என்ற வழக்கறிஞர் கத்தோலிக்கச் சங்கத்தை அமைத்து, ஏழைகளிடம் மாதம் ஒரு பென்னி வாங்கி, ஆயுதம் இல்லாத ஆனால் கட்டுக்கோப்பான ஒரு மக்கள் இயக்கத்தைக் கட்டியிருந்தார். 1828 ஜூலையில் கிளெயர் தொகுதி இடைத்தேர்தலில் அரசாங்க வேட்பாளரைத் தோற்கடித்தார். நிலப்பிரபு சொன்ன ஆளுக்கே காலங்காலமாக வாக்குப் போட்ட குடியானவர்கள், மதகுருமார் முன்னே நடக்க அணிவகுத்து வந்து ஓகொனலுக்குப் போட்டார்கள். வென்றவர் லண்டனில் அமர முடியாது. அடுத்த பொதுத் தேர்தலில் அயர்லாந்து முழுவதும் இதுவே நடந்தால்?

வெலிங்டனின் கட்சி கத்தோலிக்கருக்கு எதிரானது. அவரும் பல ஆண்டுகள் எதிர்த்தே வந்தவர். மன்னர் நான்காம் ஜோர்ஜ் அழுது அடம்பிடித்தார். வெலிங்டனோ படைத்தளபதியின் கண்ணால் பார்த்தார். ஓகொனலின் கூட்டங்களில் கல்லெறிகூட இல்லை, சுடுவதற்கு ஒரு சாட்டும் இல்லை. அயர்லாந்தில் நிற்கும் படையிலேயே கத்தோலிக்கர் ஏராளம். உள்நாட்டுப் போர் வந்தால் அதை நடத்தி முடிக்க எத்தனை ஆயிரம் பேர், எத்தனை ஆண்டுகள், எத்தனை நகரங்கள் என்று இந்தியாவிலும் ஸ்பெயினிலும் பார்த்தவர் அவர். பிரபுக்கள் சபையில் அவர் சொன்னதன் சாரம், உள்நாட்டுப் போரைத் தவிர்க்கத் தன் உயிரையும் கொடுப்பேன் என்பது. 1829 மார்ச்சில் மன்னருக்கு இராஜினாமாவைக் கொடுத்து அன்றிரவே பணிய வைத்தார். துரோகி என்று எழுதிய விஞ்சில்சி பிரபுவுடன், பதவியிலுள்ள பிரதமராகவே, பட்டர்சீ வயலில் துப்பாக்கிச் சமர் செய்தார். இருவருக்கும் காயமில்லை. ஏப்ரல் 13ஆம் திகதி சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. கத்தோலிக்கர் நாடாளுமன்றம் போகலாம்.

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் அதே நாளில் இன்னொரு சட்டமும் வந்தது. 40 ஷில்லிங் பெறுமதியான நிலம் இருந்தால் வாக்குரிமை என்றிருந்ததை 10 பவுண்ட் ஆக, அதாவது ஐந்து மடங்காக உயர்த்தினார்கள். அயர்லாந்தின் மாவட்டத் தொகுதிகளில் 2 இலட்சத்துக்கும் அதிகமாக இருந்த வாக்காளர் தொகை சுமார் 37,000 ஆனது. கிளெயரில் ஓகொனலை வெல்லவைத்த அந்தக் குடியானவர்களின் வாக்குத்தான் பறிபோனது. கத்தோலிக்கச் சங்கத்தையும் முன்கூட்டியே தடைசெய்தார்கள். புதிய சட்டம் பழைய தேர்தலுக்குப் பொருந்தாது என்று சொல்லி ஓகொனலை மறுபடி தேர்தலில் நிற்க வைத்தார்கள். வசதியுள்ள கத்தோலிக்கருக்குக் கதவு திறந்தது, அதைத் தட்டித் திறந்த ஏழைகள் வெளியே நின்றார்கள். ஓகொனல் இதற்குப் பெரிய எதிர்ப்புக் காட்டாதது அவர் மீது இன்றும் உள்ள குறை. வெலிங்டனைக் குறைசொல்வது எளிது. பேரம் பேசப் போன எமது தலைவர்களும் எதை வாங்கினார்கள், யாருடையதை விட்டுக்கொடுத்தார்கள் என்று பார்க்கும் பழக்கம் எம்மிடம் குறைவு.

அவர் விட்டுக்கொடுத்தது கொள்கையால் அல்ல என்பதற்கு அடுத்த ஆண்டுகளே சாட்சி. யூதர்களுக்கும் அதே உரிமை வேண்டும் என்ற சட்டமூலம் 1833இல் வந்தபோது எதிர்த்தார். யூதர்கள் தொகையில் சிலர், கிளெயர் போல ஒரு தொகுதி அவர்களிடம் இல்லை. 1830 நவம்பரில், தேர்தல் முறையில் எந்தச் சீர்திருத்தமும் தேவையில்லை என்று பிரபுக்கள் சபையில் அறிவித்தார். இரண்டு வாரத்தில் ஆட்சி கவிழ்ந்தது. மன்செஸ்டர் போன்ற பெருநகருக்கு ஓர் ஆசனம்கூட இல்லாமல், ஆளே இல்லாத கிராமங்களுக்கு இரண்டு ஆசனம் இருந்த காலம் அது. அயர்லாந்தின் விவசாயியை அளக்கத் தெரிந்தவருக்கு இங்கிலாந்தின் தொழிலாளியை அளக்கத் தெரியவில்லை. 1831 ஏப்ரலில் லண்டனில் அவர் வீட்டு ஜன்னல்களைக் கூட்டம் உடைத்தது. உள்ளே அவர் மனைவி கிட்டியின் உடல் அடக்கத்துக்காகக் கிடந்தது. பிறகு இரும்புக் கதவுகள் போட்டார். இரும்புக் கோமகன் என்ற பெயருக்கு அந்தக் கதவுகள்தான் காரணம் என்று ஒரு கதை உண்டு. வீரத்துக்காக வந்த பட்டம் என்றே பலர் நினைக்கிறார்கள்.

சீர்திருத்தச் சட்டம் 1832இல் நிறைவேறியபோது அவர் வழிவிட்டார். தடுத்தால் தெருவில் இரத்தம் ஓடும் என்று தெரிந்ததும் பிரபுக்கள் சபையில் தன் ஆட்களை எழும்பிப் போக வைத்தார். 1846இல் தானியச் சட்டத்தை நீக்கும்போதும் அதேதான். அவருக்கு உடன்பாடில்லை, ஆனால் ரொபட் பீலின் அரசாங்கம் நிற்க வேண்டும் என்பதற்காகச் சபையில் அதை நிறைவேற்றிக் கொடுத்தார். அயர்லாந்தில் அப்போது உருளைக்கிழங்குப் பஞ்சம் தொடங்கிவிட்டது. 1829இல் வாக்கை இழந்த அந்த வகைக் குடியானவர்கள் இலட்சக்கணக்கில் இறந்தார்கள், கப்பலேறினார்கள். அவர்களுக்காகப் பேச அவர்கள் தெரிவு செய்த உறுப்பினர் எவரும் லண்டனில் இல்லை.

1848 ஏப்ரலில், 78 வயதில், அவருக்குக் கடைசியாக ஒரு படை நடவடிக்கை வந்தது. வாக்குரிமை கேட்டு சார்ட்டிஸ்டுகள் லண்டனில் பெருங்கூட்டம் கூட்டினார்கள். நகரைக் காக்கும் பொறுப்பு வெலிங்டனிடம். படையை அவர் தெருவில் நிறுத்தவில்லை. கட்டடங்களுக்குள் மறைத்து வைத்து, பாலங்களில் பொலிசாரை மட்டும் காட்டினார். சுட வேண்டி வரவில்லை. கோரிக்கையும் நிறைவேறவில்லை.

1852 செப்ரெம்பர் 14ஆம் திகதி வோமர் கோட்டையில் இறந்தார். நவம்பரில் நடந்த இறுதி ஊர்வலத்தைப் பார்க்கப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள் என்கிறார்கள். பிணவண்டி வெண்கலத்தில் வார்க்கப்பட்டது. பல தொன் எடை. ஈரமான வீதியில் அதன் சக்கரங்கள் புதைந்தன. பொலிசார் பலர் சேர்ந்து இழுத்துத்தான் வண்டி நகர்ந்தது.